தெருப்பக்க ஜன்னலுக்கு மட்டும்

எங்கள் அலுவலகத்தில் வாக்கியங்களைக் கற்பனை செய்து எழுதக் கூடாது. ஒரு சொல்லுக்கு எடுத்துக்காட்டு கொடுத்தால், அது யாரோ சொல்லிக் காதில் விழுந்ததாக இருக்கவேண்டும், அல்லது நாமே கண்ணால் கண்டதாக இருக்கவேண்டும். உள்ளங்கை அளவுச் சீட்டில் சொல், பொருள், வாக்கியம் எழுதி, கீழே வலது மூலையில் இடத்தைக் குறிப்போம். ‘கேட்டது: பேருந்து.’ ‘கண்டது: பல் மருத்துவர் வீட்டு மாடிப்படி.’ அகராதி அச்சாகும்போது அந்த மூலை மட்டும் விடுபட்டுப் போகும். வாசிப்பவர்களுக்கு யாரோ ஒருவன் எங்கோ ஒரு மாடிப்படியில் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், அவ்வளவுதான்.

சில வாக்கியங்கள் நன்றாக இருக்கும். எந்தச் சொல்லுக்கும் பொருந்தாது. தூக்கிப் போட மனம் வராமல் அவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்போம். அதற்கு அநாதைப் பெட்டி என்று பெயர். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே யாரோ வைத்த பெயர்.

இரண்டாம் பதிப்பின் வேலை தொடங்கியபோது பதிப்பாசிரியர் ஐயா ஒரு பட்டியலோடு வந்தார். ஒன்று போலத் தோன்றும் சொற்களை ஜோடி சேர்த்து, ஒவ்வொரு ஜோடிக்கும் வித்தியாசம் சொல்லும் சிறு குறிப்பு எழுதவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

“ஆடம்பரம், பகட்டு. இது உங்களுக்கு” என்றார்.

“ரெண்டும் ஒண்ணுதானே ஐயா?”

“ஒண்ணா இருந்தா ரெண்டு எதுக்கும்மா வெச்சிருக்காங்க? ஜனங்க என்ன வேலைவெட்டி இல்லாமலா இருந்தாங்க? மூணு வரில முடிங்க.”

அடுத்த மேசையிலிருந்து முற்றுப்புள்ளி தலையைத் தூக்கினார். பக்கங்களை வடிவமைப்பவர். பூதக்கண்ணாடி வைத்துப் புள்ளிகளைத் தேடுவதால் அந்தப் பெயர். “மூணு வரியைத் தாண்டினா ஆடம்பரம். நடுவுல மேற்கோள் போட்டா பகட்டு. முடிஞ்சுது, எழுதிக்குங்க” என்றார்.

சிரித்துக்கொண்டே எழுந்துபோய் ‘ப’ வரிசை இழுப்பறையைத் திறந்தேன். முதல் பதிப்புக்காக எழுதிய சீட்டு அங்கே இருந்தது. என் கையெழுத்துதான்.

‘பகட்டு: பிறர் பார்த்து வியக்கவேண்டும் என்பதற்காகக் காட்டும் வெளித்தோற்றம். எ-டு: உள்ளே கிழிந்த போர்வையைத் தொங்கவிட்டு, தெருப்பக்க ஜன்னலுக்கு மட்டும் வெல்வெட் திரை போட்ட அவளுடைய பகட்டு யாரையும் ஏமாற்றவில்லை.’

மூலையில், ‘கண்டது: வீடு.’

எழுதியதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஆயிரக்கணக்கான சீட்டுகளில் ஒன்று. பதினான்கு வருடத்துக்கு முந்தையது. சிரிப்பு உதட்டிலேயே நின்றுவிட்டது. ஏனென்றால் அந்த அகராதியை முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வந்த அக்கா அப்போது ‘நி’யில் இருந்தாள்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். முப்பது வருடத்துக்கும் மேல் ஒரு துணிக்கடையின் கண்ணாடி ஜன்னல்களை அலங்கரித்தவள். அவள் உடுத்திவிட்ட பொம்மைகளைத் தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அளவெடுத்துத் தைத்தது போல ஒவ்வொன்றும் கச்சிதமாக இருக்கும். சின்ன வயதில் ஒருமுறை நான் பொம்மைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். முதுகு முழுக்கக் குண்டூசியும் துணி கிளிப்பும். “பின்னால யாரும் வரமாட்டாங்கடி” என்றாள் அக்கா, வாயில் நாலு குண்டூசியைக் கடித்துக்கொண்டே.

வீட்டிலும் அவள் அப்படித்தான். அம்மா இறந்தபோது எனக்குப் பத்து வயது, அவளுக்குப் பத்தொன்பது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். இரண்டே அறை. நடுவில் கதவு கிடையாது. கிழிந்த போர்வை ஒன்றை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தோம். அந்தக் குளிர்காலத்தில் கடையில் கழித்துப் போட்ட கருஞ்சிவப்பு வெல்வெட் திரையை அக்கா தோளில் சுமந்துகொண்டு வந்தாள். தெருப்பக்க ஜன்னலில் மாட்டினாள். வெளுத்த பக்கம் எங்களுக்கு, பளபளக்கும் பக்கம் தெருவுக்கு. கதவுக்குப் பின்னால் கழுத்தில் மென்மயிர் வைத்த ஒரு பெரிய கோட்டும் வந்தது. அதை அவளும் போடவில்லை, என்னையும் போட விடவில்லை. ஆணியிலேயே தொங்கியது.

நான் இரண்டு சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு நடுங்குவேன். “அக்கா, அந்தத் திரையை எடுத்துப் போத்திக்கலாம்க்கா.”

“தொட்டே, கையை ஒடிச்சுடுவேன்.”

யாரோ ஒரு அம்மாள் வந்திருந்தபோது, தங்க விளிம்பு வைத்த கோப்பையில் அக்கா டீ கொடுத்தது நினைவிருக்கிறது. அந்தக் கோப்பைகளும் கடையுடையவை. நான் காய்ச்சலோடு போர்வைக்குப் பின்னால் படுத்திருந்தேன். “தங்கச்சி பாட்டு கிளாஸுக்குப் போயிருக்கா” என்று அக்கா சொன்னாள். தொடர்ந்து, கடையில் சிரிக்கிற அந்த உரத்த சிரிப்பு. நான் வாழ்நாளில் ஒரு பாட்டு கற்றுக்கொண்டதில்லை.

பள்ளியில் எனக்கு ‘வெல்வெட்’ என்று பெயர் வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர்கள் அக்கா காதுபடவே சொல்வார்கள்: “சரியான பகட்டுக்காரி.” எனக்குப் பதினெட்டு முடிந்த வாரம் அக்கா அந்தத் திரையைக் கழற்றி, தரை துடைக்கிற துணியாகக் கிழித்துப் போட்டாள். அலுத்துவிட்டது என்றாள். எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. எட்டு வருடம் என்னைக் குளிரில் போட்டுவிட்டு, இப்போது தரை துடைக்கிறாள்.

இருபத்தைந்து வயதில், வேலை கிடைத்தவுடன், இரண்டு தெரு தள்ளி ஓர் அறை பார்த்துப் போனேன். என் ஜன்னலுக்குத் திரையே போடவில்லை.

அகராதி வெளிவந்தபோது அக்காவுக்கு ஒரு பிரதி கொடுத்தேன். முன்னறைக் கண்ணாடி அலமாரியில், முதுகுப்புறத் தங்க எழுத்து தெருவிலிருந்து தெரியும்படி, சாய்த்து வைத்தாள். வருகிறவர்களிடமெல்லாம் “என் தங்கச்சி எழுதினது” என்பாள். நாற்பது பேர் சேர்ந்து எழுதியது என்று நான் திருத்துவேன். “அந்த நாப்பது பேரும் என் தங்கச்சி இல்லையே” என்பாள். அவள் அதைத் திறந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அது சிரிப்பாக இருந்தது. இதுவும் ஒரு திரைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் அவளுக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி அந்த வீட்டுக்கே வந்தேன். மாடி ஏற முடியாது, நடக்க முடியாது, நாலு வார்த்தைக்கு மேல் மூச்சு விடாமல் பேசவும் முடியாது. ஒருநாள் சாயங்காலம் வேலையிலிருந்து திரும்பியபோது மடியில் தலையணை வைத்து, அதன்மேல் அகராதியை வைத்து, மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள்.

“என்னடி சீட்டு, இதுல கதையே இல்ல?” என்றாள். எப்போதும் கையில் சீட்டோடு அலைவதால் அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். “எல்லாரும் வந்து ஒரு வரி பேசிட்டுப் போயிடறாங்க.”

“அது அகராதிக்கா. அப்படித்தான் இருக்கும்.”

“இரு, இரு. ஒரு கண்டக்டர் வர்றான். ‘அவசரம்’ல ஒரு கிழவியை இறக்கி விடாமப் போறான். இவன் திரும்ப வருவான் பாரு.”

உண்மையிலேயே ‘அற்பத்தனம்’ வந்தபோது அவன் திரும்ப வந்தான். அக்காவுக்கு அன்று முழுக்க வெற்றிக் களிப்பு. அதற்குப் பிறகு தினமும் ஐந்து பக்கம் என்று கணக்கு வைத்துக்கொண்டாள். கடையில் விலைச் சீட்டு எழுதும் கெட்டியான அட்டை ஒன்றை அடையாளத்துக்கு வைத்திருந்தாள். முதல் வாரத்திலேயே ‘ஆடம்பரம்’ வந்தது. ‘ஆறு பேர் வீட்டுக்கு அறுபது நாற்காலி வாங்கியது ஆடம்பரம்’ என்று எங்கள் ஐயா எழுதியிருந்தார்.

“பரவாயில்லையே, அறுபது நாற்காலி வெச்சிருக்கானே” என்றாள் அக்கா. “உக்காரலாம். என்னைச் சொல்ற வார்த்தை இது இல்லடி. அது வேற. இன்னும் வரல.”

அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. அன்று அது என் மண்டையில் ஏறவில்லை.

‘குளிர்’ வந்தபோது படித்துக் காட்டினாள்: “‘குளிர் தாங்காமல் குழந்தை இரண்டு சட்டைகளை அணிந்துகொண்டது.’ இது நீதானே?”

“ஆமா.”

“‘ஒழுகு’ல வர்ற கூரையும் நம்ம வீடு. அந்தப் பச்சை வாளி கூட வருது.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். “வாளி வருது. அம்மா வர்றாங்க. எதிர்வீட்டு நாய் ரெண்டு தடவை வருது. நான் எங்கயாவது வர்றேனாடி?”

“இல்லக்கா” என்றேன். அப்போது அது பொய் என்று எனக்கே தெரியாது.

சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு இழுப்பறைக்கு முன்னால் நின்றபோது நான் போட்ட கணக்கு இதுதான்: ‘நி’யிலிருந்து ‘பக’ வரை முப்பத்திரண்டு பக்கம். நாளுக்கு ஐந்து. ஒரு வாரம். மருத்துவர் சொல்லியிருந்த காலமும் ஏறக்குறைய ஒரு மாதம்தான். சாகப்போகிறவள், தன்னைத் தேடித் தேடி அறுநூறு பக்கம் வந்து, கடைசியில் அந்த வரியில் தன்னைப் பார்க்கவேண்டுமா?

மதிய இடைவேளையில் முற்றுப்புள்ளியிடம் சொன்னேன். பாதியை மறைத்துத்தான் சொன்னேன்.

“ஒரே ஒரு தாளை மட்டும் மறுபடி அச்சடிச்சு ஒட்டணும். அவ்வளவுதானே?” என்றார். “யாருக்காக இந்தத் தில்லுமுல்லு?”

“வீட்டுல ஒருத்தருக்கு.”

பூதக்கண்ணாடி வழியாக என் முகத்தைப் பார்த்தார். அவர் கண் ஒன்று பெரிதாகத் தெரிந்தது. மேற்கொண்டு கேட்கவில்லை. “புது வாக்கியம் பழசு இருந்த இடத்துக்குள்ள அடங்கணும். ஒரு வரி கூடினாலும் பக்கம் நகர்ந்துடும். எழுதிக் குடுங்க.”

அன்று என் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு வாக்கியத்தைக் கற்பனை செய்து எழுதினேன். ‘மயில் தோகை விரிப்பது பகட்டு அல்ல, அது தனக்கு இயல்பாக வாய்த்த அழகையே உலகுக்குக் காட்டுகிறது.’ மூலையில் என்ன போடுவது என்று தெரியாமல் வெறுமையாக விட்டேன்.

புத்தகத்தின் முதுகு தளர்ந்திருக்கிறது, சரிசெய்து தருகிறேன் என்று அக்காவிடமிருந்து வாங்கினேன்.

“படிக்கிற நேரத்துலதான் இவளுக்குக் கண்ணு தெரியும்” என்று முணுமுணுத்தாள். “சீக்கிரம் கொண்டா. ‘நெஞ்சு’ல ஒருத்தன் கடுதாசியைப் பிரிக்காம வெச்சிருக்கான். என்ன ஆச்சுன்னு தெரியணும்.”

பைண்டர் பழைய தாளைக் கத்தியால் வெட்டி எடுத்தார். புதுத் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “பளிச்சுன்னு இருக்கும்மா. கண்ணை மூடிக்கிட்டுப் பாத்தாக்கூடத் தெரியும்.” ஒரு தட்டில் டீயை ஊற்றி, தாளை அதில் தோய்த்து எடுத்து, விசிறிக்கு அடியில் காயவைத்தார். காய்ந்தபோது அது பதினான்கு வருடம் பழசாகியிருந்தது. வெட்டிய தாளை அவர் மேசைக்கடியில் இருந்த குப்பைக் கூடையில் போட்டார். நான் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. பார்வையிலிருந்து போனால் போதும் என்றிருந்தது.

அக்கா ‘ப’வுக்கு வந்த நாள் நான் விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தேன். அடுக்களையிலிருந்து ஜன்னல் கண்ணாடியில் அவள் உருவம் தெரிந்தது. ஒரு பக்கம் திருப்பினாள். இன்னொரு பக்கம். பிறகு திருப்பாமல் இருந்தாள். தாளின் ஓரத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, துணி வாங்குகிறவர்கள் செய்வது போல, மெல்லத் தேய்த்தாள். குனிந்து முகர்ந்தாள்.

“சீட்டு. இங்க வா.”

போனேன்.

“இதுல டீ வாசம் வருது.”

“யாராவது டீயைக் கொட்டியிருப்பாங்கக்கா.”

“ரெண்டு பக்கமும் சமமா, ஒரு சொட்டு தெறிக்காம, அழகாக் கொட்டியிருக்காங்க” என்றாள். “புது லேஸை டீயில போட்டுப் பழசாக்கித்தான் நாங்க பொம்மைக்கு மாட்டுவோம். முப்பது வருஷமா நான் பண்ணின வேலைடி இது. உனக்கும் வருதே.”

அவள் மயிலைப் படித்தாள். சத்தம்போட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

“நீ மயிலை எப்ப பாத்தே?”

“பாக்கலை.”

“உங்க ஆபீஸ்ல பாத்ததைத்தானே எழுதணும்?”

“ஆமா.”

“முன்னால வேற இருந்துச்சு.” மூச்சு வாங்க நிறுத்தினாள். “புத்தகம் குடுத்துட்டு நீ தெருமுனை திரும்பறதுக்குள்ள எடுத்துப் பாத்துட்டேன். எல்லாரும் சொல்ற வார்த்தை, என் தங்கச்சி அதுக்கு என்னதான் எழுதியிருக்கான்னு.”

பதினான்கு வருடம். அந்த வரியைப் படித்துவிட்டு, அதே சாயங்காலம், அவள் புத்தகத்தைக் கண்ணாடி அலமாரியில் தெருவைப் பார்க்க வைத்திருக்கிறாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.

“அக்கா, நான் அப்போ...”

“பழைய தாள் எங்கே?”

“வெட்டி எடுத்தாச்சு.”

“எங்கே போட்டே?”

“எதுக்குக்கா அது? அது வேண்டாம். நான் எழுதியிருக்கவே கூடாது.”

“நானும் முதல்ல இருந்து பாத்துட்டு வர்றேன்” என்றாள் அக்கா. ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் மூச்சு வந்து நின்றது. “நாய் வருது, வாளி வருது. வேற எங்கயாச்சும் நான் இருக்கேனான்னு பாத்தேன். இல்ல. அந்த ஒரு எடத்துலதான் இருந்தேன். அங்கேருந்தும் என்னை வெட்டி எடுத்துட்டு, மயிலை வெச்சுட்டியேடி.”

செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். பைண்டர் கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். பழைய காகிதக்காரன் காலையில்தான் வந்து மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனானாம். “ஒரு தாளுக்காகவா இப்படி மூச்சிரைக்க வந்தீங்க?” என்றார். திரும்பி நடந்தேன். எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டு ஜன்னலும் ஏதாவது ஒன்றைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. ஒன்றில் பூச்செடி, ஒன்றில் பீங்கான் பூனை. சின்ன வயதிலிருந்தே அந்த வழியில் நடந்தும் நான் அவற்றைக் கவனித்ததில்லை.

வெறுங்கையைப் பார்த்ததும் அக்கா தெரிந்துகொண்டாள்.

“சரி, விடு. பென்சில் எடு. மயிலுக்குப் பக்கத்துல எடம் இருக்கு. நான் சொல்றேன், எழுது.”

“அக்கா, வேண்டாம்.”

“எழுதுடின்னா.”

எழுதினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னாள். என் வாக்கியத்தை என்னைவிட நன்றாக வைத்திருந்தாள். “உள்ளே கிழிந்த போர்வையைத் தொங்கவிட்டு... தெருப்பக்க ஜன்னலுக்கு மட்டும்... வெல்வெட் திரை போட்ட... அவளுடைய பகட்டு...”

அங்கே நிறுத்தினாள்.

“இங்கதான் ஒரு தப்பு. ‘யாரையும் ஏமாற்றவில்லை’ன்னு போட்டிருந்தே. அது தப்பு. ஒருத்தியை ஏமாத்துச்சு.”

“யாரை?”

“பிள்ளைங்களைப் பாத்துக்கற ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மா வருவா. கறுப்புக் கைப்பை. அம்மா போனப்புறம் யாரோ எழுதிப் போட்டுட்டாங்க, ரெண்டு பொண்ணுங்க பெரியவங்க துணையில்லாம இருக்காங்க, சின்னதை விடுதியில சேருங்கன்னு. எனக்கே அப்போ வயசு பத்தல. என்கிட்ட யாரு உன்னை விடுவா?”

பென்சிலைப் புத்தகத்தின் நடுவில் வைத்தேன்.

“அந்த அம்மா உடனே உள்ள வரமாட்டாளாம். எதிர்ப்பக்கம் நின்னு வீட்டைப் பாப்பாளாம். ஜன்னல் பாக்க நல்லா இருந்தா, வசதியான வீடுன்னு எழுதிட்டுப் போயிடுவாளாம். கடைல ஒருத்தி சொன்னா. ஜன்னலா? அது நமக்குத் தெரிஞ்ச வேலையாச்சேன்னு நெனைச்சேன்.” சிரிக்கப் போய் இருமினாள். முதுகைத் தடவிக் கொடுத்தேன். எலும்பு ஒவ்வொன்றும் கையில் தட்டுப்பட்டது. “ரெண்டு தடவை தெருவோட போயிட்டா. மூணாவது தடவை உள்ளயே வந்துட்டா. பெரியவங்க யாருன்னு கேட்டா. சித்தி கூட இருக்காங்க, இப்பதான் வெளிய போனாங்க, பாருங்க கோட்டுன்னேன். பொம்மையோட கோட்டுடி அது! பின்னால திருப்பிப் பாத்திருந்தா இருபது குண்டூசி.”

“பாட்டு கிளாஸ்” என்றேன்.

“உனக்குக் காய்ச்சல். அதைப் பாத்தா அன்னைக்கே தூக்கிட்டுப் போயிருப்பா. நீ இருமிடக் கூடாதேன்னு அவ்வளவு சத்தமாச் சிரிச்சுக்கிட்டே இருந்தேன்.”

எனக்குப் பதினெட்டு முடிந்த வாரம் அந்தத் திரை கிழிந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கேட்கவில்லை. பதினெட்டு முடிந்தவளை எந்த ஆபீஸும் விடுதிக்குக் கொண்டுபோக முடியாது.

“ஏன்க்கா என்கிட்ட சொல்லல?”

“சின்னப் பிள்ளைகிட்ட சொன்னா ராத்திரி தூங்குவியா?”

“பெரியவளானப்புறம்?”

“சொல்லணும்னுதான் இருந்தேன். நீதான் திரையில்லாத ஜன்னல் பாத்துக்கிட்டுப் போயிட்டியே. அப்புறம் நீ அதை எழுதிட்டே.” என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். “எழுதினப்புறம் சொன்னா, அதுக்குப் பதில் சொல்ற மாதிரி இருக்கும். வேண்டாம்னு விட்டுட்டேன்.”

ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

“முடி” என்றாள். “‘ஒருத்தியை ஏமாற்றியது’ன்னு எழுது. புள்ளி வை.”

புள்ளி வைத்தேன். அவள் வாங்கிப் பார்த்தாள். என் பென்சில் எழுத்து மயிலைச் சுற்றி வளைந்து, ஓரத்தில் கீழிறங்கி இருந்தது. “ரொம்பக் கோணல்” என்றாள். ஆனால் அன்று அதற்கு மேல் பக்கம் திருப்பவில்லை.

பதினோரு நாள் கழித்து, ஒரு மதியம், நான் அலுவலகத்தில் இருந்தபோது அக்கா இறந்துபோனாள். துணைக்கு வந்திருந்த எதிர்வீட்டு அம்மாள், டீ வைத்துக்கொண்டு வருவதற்குள் ஆகிவிட்டது என்றாள். புத்தகம் மடியிலேயே இருந்ததாம். விலை அட்டை ‘பம்பரம்’ என்ற சொல் இருக்கிற பக்கத்தில் இருந்தது. கடைசி நாட்களில் ஐந்து பக்கம் ஓடவில்லை, ஒன்றிரண்டுதான் ஓடியிருக்கிறது.

வேலைக்குத் திரும்பியதும் மூன்று வரியை எழுதிக் கொடுத்தேன். ‘ஆடம்பரம் தேவைக்கு மேல் இருப்பதைக் குறிக்கும், பார்ப்பவர் இல்லாவிட்டாலும் அது ஆடம்பரமே. பகட்டு பார்ப்பவரை நம்பி இருப்பது. பொருள் இல்லாதவரிடமும் அது இருக்கலாம்.’ ஐயா தலையாட்டினார். அதோடு ஒரு சீட்டையும் கொடுத்தேன். அக்கா திருத்திய வாக்கியம். மூலையில், ‘கேட்டது: அக்கா.’

ஐயா அதை நின்றபடியே படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மறுபடி படித்தார்.

“இது பகட்டுக்கு ஆகாதும்மா” என்றார் மெதுவாக. “பகட்டுன்னா மத்தவங்க வாயைப் பிளக்கணும்னு பண்றது. இந்தப் பொண்ணு அதுக்குப் பண்ணின மாதிரி தெரியலையே. யாரையோ எதையோ காப்பாத்தறதுக்குப் பண்ணியிருக்கு.”

“ஆடம்பரத்துக்கு?”

“அதுக்கும் ஆகாது. கிழிஞ்ச போர்வை இருக்கே.” சீட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், அங்கே ஏதாவது இருக்கும் என்பது போல. “இதுக்குன்னு ஒரு சொல் இருக்கும். யோசிங்க. கிடைச்சா அங்க சேர்த்துடலாம். அதுவரைக்கும்...”

அவர் கை பழக்கத்தில் பிஸ்கட் டப்பாவை நோக்கிப் போனது. முற்றுப்புள்ளி வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“அந்தப் பெட்டில வேண்டாம் ஐயா” என்றேன். “நானே வெச்சுக்கறேன்.”

கைப்பையின் உள்ளறையில் வைத்திருக்கிறேன். தினமும் வீட்டுக்கு வந்ததும் ஐந்து பக்கம் படிக்கிறேன், ‘பம்பர’த்திலிருந்து, ஒரு சொல்லையும் தாண்டாமல். எல்லாம் நாங்கள் எழுதியதுதான்; ஆனால் வரிசையாகப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. கடிதத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தவன் ‘மறதி’யில் வந்தான். அக்காவிடம் சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்துவிட்டேன். நேற்று ‘ம’ முடிந்தது. அந்தச் சீட்டுக்கு ஏற்ற சொல் இதுவரை வரவில்லை. இன்னும் ய, ர, ல, வ இருக்கின்றன.